பொருள் வரியில் தொடங்கும் பொய்

அலுவலகக் கடிதம் எழுதிப் பழகியோர்க்குப் ‘பொருள்’, ‘பார்வை’ என்னும் இரு வரிகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடிதம் எதைப் பற்றியது என்பதை முதல் வரி சொல்லும். எந்த முந்தைய கடிதத்தின் தொடர்ச்சி என்பதை இரண்டாம் வரி சொல்லும். படிப்பவரின் நேரத்தைக் காக்கவே அவ்வழக்கம் ஏற்பட்டது. நாளொன்றுக்கு எத்தனையோ கோப்புகளைப் புரட்டும் எழுத்தர், கடிதத்தின் தலையைப் பார்த்த அளவிலேயே எதை முதலில் எடுப்பது, எதை நாளைக்கு ஒதுக்குவது என்று தீர்மானிக்க முடிந்தது. மின்னஞ்சலிலும் அனுப்புநர், பெறுநர், தேதி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பொருளுக்கு ஓர் இடம் வைக்கப்பட்டது இதே பயன் கருதித்தான்.

இன்று நாடெங்கும் நடக்கும் மின்னஞ்சல் விற்பனைப் பயிற்சி வகுப்புகள் பலவற்றின் முதற்பாடம் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. பொருள் வரி பொருளைச் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் பெறுநர் திறக்காமலே கடந்துவிடுவார். ஆகவே அச்சத்தையோ ஆவலையோ கிளப்பும்படி எழுதுக என்று கற்பிக்கப்படுகிறது. விளைவை எந்த அஞ்சல் பெட்டியிலும் காணலாம். ‘உங்கள் கணக்கு குறித்து முக்கிய அறிவிப்பு’ என்றிருக்கும். திறந்தால் காலணிக்குத் தள்ளுபடி. ‘இறுதி எச்சரிக்கை’ என்றிருக்கும். திறந்தால் இணையவழிப் படிப்பு ஒன்றின் கட்டணச் சலுகை முடியப்போகிறதாம். ‘உங்கள் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது’ என்றிருக்கும். பெறுநர் எந்த விண்ணப்பமும் அளித்திருக்க மாட்டார், கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாமே என்பதுதான் செய்தி. பெறுநர் ஒருபோதும் எழுதாத கடிதத்துக்குப் பதில் வந்தாற்போலத் தோற்றம் தருவதற்காகப் பொருள் வரியின் முன் ‘ரீ:’ என்று சேர்த்து அனுப்புவோரும் உண்டு. இல்லாத பார்வையை இருப்பதாகக் காட்டும் இவ்வேலையை ஓர் அரசு எழுத்தர் செய்திருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கும். விற்பனைத் துறையில் இதற்குத் திறமை என்று பெயர்.

இக்கலையை அதன் ஆசிரியர்கள் ‘பயன்தரும் மின்னஞ்சல்’ என்று அழைக்கிறார்கள். பயன் யாருக்கு, அதற்கான செலவு யாருடையது என்னும் வினாவை அவ்வகுப்புகள் எழுப்புவதில்லை. பழைய நாள்களில் துண்டறிக்கையையோ விலைப்பட்டியலையோ அஞ்சலில் அனுப்பிய வணிகர் ஒவ்வோர் உறைக்கும் தலை ஒட்டினார். தாள், அச்சு, தபால் செலவு எல்லாம் அவர் தலையில் விழுந்ததால், வாங்கக்கூடியவர் யார் என்று எண்ணிப் பார்த்தே அனுப்பினார். மின்னஞ்சலில் அனுப்பும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒரு லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் இரண்டு லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் இடையிலான வேறுபாட்டை அனுப்புபவர் உணர்வதே இல்லை. எதை விலக்குவது, எதைத் திறப்பது என்று பிரித்தெடுக்கும் உழைப்பு முழுவதும் பெறுநருக்கு மாற்றப்பட்டுவிட்டது. அந்த உழைப்பைக் குறைக்க அவரிடம் எஞ்சியிருந்த ஒரே கருவி பொருள் வரி. அதையும் பறித்துக்கொள்வதைத்தான் பயிற்சியாளர்கள் கற்றுத்தருகிறார்கள்.

இது வெறும் எரிச்சல் சார்ந்த செய்தியாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இந்தியாவில் மின்னஞ்சல் முகவரி இன்று சட்டப்படியான முகவரியும் ஆகிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 169ஆம் பிரிவு, பதிவின்போது தரப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பப்படும் அறிவிப்பை முறையாகச் சார்வு செய்யப்பட்ட அறிவிப்பாகவே ஏற்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த முறைப்படி, குறைபாடுள்ள கணக்கு அறிக்கையைத் திருத்த 139(9)ஆம் பிரிவின்கீழ் 15 நாள் கெடு. 143(1)ஆம் பிரிவின்கீழ் முன்மொழியப்படும் மாற்றத்துக்கு மறுப்புத் தெரிவிக்க 30 நாள் கெடு. இவ்வறிவிப்புகள் மின்னணு வழியாகவே வருகின்றன. கெடுவுக்குள் பதில் இல்லையென்றால் முன்னதில் அறிக்கையே செல்லாததாகக் கருதப்படலாம். பின்னதில் துறை தன் கணக்கின்படி வரியைத் திருத்திவிடும். ‘கடிதத்தைப் பார்க்கவில்லை’ என்பது அங்கே எளிதில் எடுபடும் வாதமன்று.

வரி மட்டுமன்று. வங்கிக் கணக்கு அறிக்கை, கடன் அட்டைக்கான பில், காப்பீட்டுத் தவணை நினைவூட்டல், நுழைவுத் தேர்வு பற்றிய அறிவிப்பு, பணி நியமனக் கடிதம் என்று ஒரு குடும்பத்தின் வாழ்வைத் திருப்பக்கூடிய தாள்களெல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் வந்து விழுகின்றன. சிறு கடை நடத்துபவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கே தெரியும். ஒரு நாள் மாலை அலைபேசியைத் திறக்கிறார். ‘உடனடி நடவடிக்கை தேவை’ என்னும் பொருளில் ஆங்கிலத் தலைப்புடன் ஆறு கடிதங்கள் கிடக்கின்றன. ஐந்து, தள்ளுபடி விற்பனை. ஒன்று, வரித் துறையின் அறிவிப்பு. ஆறும் ஒரே குரலில் கூவுகின்றன. ‘புலி வருகிறது’ என்று விளையாட்டாகக் கத்திய சிறுவனின் கதையில் தண்டனை அச்சிறுவனுக்கே கிடைத்தது. இங்கே பொய்யாகக் கத்தியவர்கள் ஐவர். ஆடு பறிபோவது கடைக்காரருடையது.

இதைவிடக் கொடிய பக்கம் ஒன்று இருக்கிறது. வங்கியின் பெயரில் போலிக் கடிதம் அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் ஃபிஷிங் மோசடி எவ்வாறு இயங்குகிறது? அனுப்புநரின் பெயரை நம்பகமானதாகக் காட்டு, அவசரத்தை உண்டாக்கு, சிந்திக்க இடம் தராதே, ஒரே ஒரு பொத்தானை அழுத்தச் சொல். மின்னஞ்சல் விற்பனைப் பாடநூலின் அத்தியாயங்களும் இவையே. மோசடிக்காரரும் பயிற்சி பெற்ற விற்பனையாளரும் ஒரே இலக்கணத்தில் எழுதும்போது, பொதுமக்கள் எதை வைத்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது? ‘சந்தேகத்துக்கு இடமான இணைப்புகளை அழுத்தாதீர்கள்’ என்று வங்கிகள் ஓயாமல் அறிவுறுத்துகின்றன. அதே வங்கிகளின் விற்பனைப் பிரிவிலிருந்து ‘உங்களுக்கு முன் அனுமதி பெற்ற கடன், இன்றிரவு வரை மட்டும், இங்கே அழுத்துக’ என்று கடிதம் வருமாயின், ஒரு கை கட்டியதை மறு கை அவிழ்க்கிறது என்றே சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் ‘உடனே அழுத்து’ என்று மக்களின் விரலைப் பழக்கிவிட்டு, மோசடி நடந்தபின் அவர்களின் கவனக்குறைவைப் பழிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இவ்விடர்ப்பாட்டை அரசமைப்புகள் அறியாமல் இல்லை. இந்தியாவில் இயங்கும் வங்கிகள் தம் இணையதளங்களை ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. குறுஞ்செய்திகளில் இன்னும் தெளிவான ஏற்பாடு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் தன் அனுப்புநர் பெயரையும் செய்தியின் வடிவத்தையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அனுப்புநர் பெயரின் இறுதியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பணப் பரிமாற்றம், ‘ஜி’ என்றால் அரசு. திறக்காமலேயே தரம் தெரிந்துவிடுகிறது. பழைய பொருள் வரி செய்த வேலையை ஒற்றை எழுத்து செய்கிறது. மின்னஞ்சலுக்கு இப்படி எதுவும் இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் கை தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் நீள்கிறது. அஞ்சல் பெட்டியின் வாசலில் நின்றுவிடுகிறது.

ஒரு காலத்தில் சட்டத்தின் ஒரு மூலை இதைத் தொட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் மூன்றாவதாக ஓர் உட்கூறு இருந்தது; எரிச்சலோ இடையூறோ விளைவிக்கும் நோக்கத்தோடும், எங்கிருந்து வந்தது என்பதில் பெறுநரை ஏமாற்றும் நோக்கத்தோடும் அனுப்பப்படும் மின்னஞ்சல்களை அது குற்றமாக்கியது. அப்பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாததாக்கியது. சமூக ஊடகப் பதிவுக்காக இளம்பெண்களைக் கைது செய்யும் அளவுக்கு வளைக்கப்பட்ட பிரிவு அது. அதன் நீக்கம் பேச்சுரிமைக்குத் தேவையான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிரிவோடு சேர்ந்து ஏமாற்று மின்னஞ்சலுக்கென்றே இருந்த ஒரே சொற்றொடரும் போயிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்பத் தனிச்சட்டம் இயற்ற வேண்டும் என்னும் எண்ணம் அடுத்து வந்த எந்த நாடாளுமன்றத்துக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், முன் இசைவைக் கோராத மெலிந்த சட்டமேயானாலும், பொருள் வரி ஏமாற்றக் கூடாது, அனுப்புநரின் அஞ்சல் முகவரி கடிதத்தில் இருக்க வேண்டும், விலக விரும்புவோரை 10 வேலை நாள்களுக்குள் விடுவிக்க வேண்டும் என்றாவது சொல்கிறது. இந்திய நிறுவனம் ஒன்று நியூயார்க்கு வாடிக்கையாளருக்கு எழுதும்போது காட்ட வேண்டிய இந்த அடிப்படை நாணயத்தை நாக்பூர் வாடிக்கையாளருக்குக் காட்டுமாறு கட்டாயப்படுத்த இங்கே இணையான சட்டம் இல்லை.

2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே என்பர். அதன்படி இசைவு என்பது தாமாக முன்வந்து, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, விவரம் அறிந்து, ஐயமின்றித் தரப்பட வேண்டும்; தருவது எவ்வளவு எளிதோ விலக்கிக்கொள்வதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்; இசைவு கோரும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி இருக்க வேண்டும். நல்ல சொற்கள். அவற்றுக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் அளிக்கப்பட்டது. மேலும் இச்சட்டம் கேட்பது ‘இந்த முகவரியை எப்படிப் பெற்றாய்’ என்னும் வினாவை; ‘இந்த முகவரிக்கு என்ன எழுதினாய்’ என்பது அதன் கவலையன்று. நுகர்வோர் பாதுகாப்பு மைய ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இரண்டாம் வினாவை நெருங்குகின்றன. அவை தடை செய்த 13 ஏமாற்று வடிவங்களில் பொய்யான அவசரம், மறுப்பவரை வெட்கப்படுத்துதல், மறைமுக விளம்பரம், ஓயாத நச்சரிப்பு ஆகியவை உள்ளன. மின்னஞ்சல் விற்பனையின் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பட்டியலை எழுதினார்களோ என்று ஐயுறும் அளவுக்குப் பொருத்தம்! ஆயினும் அந்நெறிகள் இணையத்தளத்தின், செயலியின் இடைமுகத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கடிதமும் அதில் அடங்கும், அடங்காது என்று இரு தரப்பிலும் வாதிட வழக்கறிஞர்களுக்கு இடமிருக்கிறது.

நாடாளுமன்றம் செய்யாததை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் செய்தன என்பது வெட்கத்துக்குரிய உண்மை. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் கடிதம் அனுப்புவோர் தம் முகவரி போலியன்று என்பதை எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்னும் மூவகைச் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும். அவ்வேண்டுகோளை இரண்டு நாளில் நிறைவேற்ற வேண்டும். ஆயிரம் கடிதங்களுக்கு மூன்று என்னும் அளவைப் புகார்கள் எட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாஹூவும் இதே போக்கில் விதிகள் வகுத்தது. விலகும் இணைப்பை வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்தில் ஒளித்து வைத்திருந்தவர்களும், விலகக் கேட்டவரிடம் கடவுச்சொல் கேட்டவர்களும், ‘எங்களைப் பிரிய மனம் வந்ததா?’ என்று அழும் பொம்மைப் படம் காட்டியவர்களும் அதன்பிறகே அவசர அவசரமாகத் திருந்தினார்கள். வாடிக்கையாளரின் சலிப்புக்கு அசையாதவர்கள், கடிதமே போய்ச் சேராது என்றதும் அசைந்தார்கள். எனினும் இந்தச் சான்றுகள் அனுப்பியவர் யார் என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். முகவரி உண்மையானதாக இருந்துகொண்டே பொருள் வரி பொய் சொல்லலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் வடிகட்டியை நம்பி நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் அஞ்சல் பெட்டியை விட்டுவைப்பது ஆட்சி ஆகாது.

எண்கள் எங்கள் பக்கம் என்பது பயிற்சியாளர்களின் கடைசி அரண். அவர்கள் காட்டும் எண்ணைச் சற்று உரசிப் பார்ப்பது நல்லது. ‘திறப்பு விகிதம்’ என்பது கடிதத்துக்குள் ஒளித்து வைக்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம் எத்தனை முறை இறக்கப்பட்டது என்னும் கணக்கு. 2021இல் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்பு, அதைத் தேர்ந்தோரின் பெட்டியில், கடிதம் படிக்கப்படுகிறதோ இல்லையோ, அப்படத்தைப் பின்னணியில் தானே இறக்கிவிடுகிறது. அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் கடிதத்திலுள்ள இணைப்புகளையும் தாமே திறந்து சோதிக்கின்றன. எனவே ‘நாற்பது விழுக்காட்டினர் திறந்தார்கள்’ என்று ஒருவர் மார்தட்டும்போது அதில் மனிதர் எத்தனை, இயந்திரம் எத்தனை என்பது அவருக்கே தெரியாது. தெரிந்தாலும் என்ன? ஏமாற்றித் திறக்கச் செய்ததைத் திறமை என்று எண்ணினால், கதவைத் தட்டி ‘தீ, தீ’ என்று கத்துபவரே தெருவில் சிறந்த விற்பனையாளர். அனைவரும் கதவைத் திறப்பார்கள்! மறுமுறை அவர் தட்டும்போது திறக்காதவர்களைக் கணக்கிடும் கட்டம் அந்த அட்டவணையில் இல்லை.

வரலாற்றில் ஒரு வேடிக்கை. கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பப்பட்ட முதல் விளம்பர மின்னஞ்சல் என்று பெயர் பெற்றது 1978 மே மாதம் அனுப்பப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனையாளர் கேரி தூர்க், அர்பாநெட் வலையமைப்பில் இருந்த சில நூறு பேருக்குப் புதிய கணினிகளின் செயல்விளக்கக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். முகவரிகள் அதிகமாகிப் பெறுநர் பகுதியில் அடங்காமல் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்தன. கண்டனம் குவிந்தது. ஆனால் அக்கடிதத்தைப் படித்தால், எந்த நிறுவனம், எந்தக் கணினி, எந்த நாள், கலிபோர்னியாவில் எந்த ஊர் என்று எல்லாம் நேராக எழுதப்பட்டிருக்கிறது. அழைக்காத வீட்டுக்குள் நுழைந்த குற்றம் அதற்கு உண்டு. பொய் சொன்ன குற்றம் இல்லை. எரிதத்தின் மூதாதை அதன் இன்றைய வாரிசுகளைவிட நாணயமாக நடந்துகொண்டது.

அப்படியானால் வணிகர் மின்னஞ்சலே எழுதக் கூடாதா? எழுதலாம், நன்றாகவே எழுதலாம். கொங்கணக் கரையின் அல்போன்சா மாம்பழ வணிகத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். ரத்னகிரி, சிந்துதுர்க் உள்ளிட்ட கொங்கண மாவட்டங்களின் அல்போன்சாவுக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருவம் கோடையின் சில மாதங்களே. தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கடை மூடிவிடும். பிற பகுதிகளின் மாம்பழம் அதே பெயரில் சந்தையில் விற்கப்படுவது நெடுநாளைய குறை. பழத்துக்கு உள்ளேயே ஒரு குறையும் உண்டு. வெளியே மாசற்றுத் தெரியும் பழத்தை அறுத்தால் உட்சதை பஞ்சுபோல் வெளுத்திருக்கும். தோலைப் பார்த்து அதை அறிய முடியாது.

இத்தகைய வணிகர் சென்ற ஆண்டு தம்மிடம் வாங்கியவர்களுக்கு என்ன எழுத வேண்டும்? எந்த வட்டத்தில், யாருடைய தோட்டம். பறிக்கும் நாள் எது. டஜன் என்ன விலை, அனுப்பும் கூலி அதில் சேர்த்தியா. பழம் காயாக வரும், வைக்கோலில் வைத்து எத்தனை நாள் பழுக்க விட வேண்டும். பஞ்சு விழுந்த பழம் வந்தால் படம் எடுத்து அனுப்பினால் மாற்றுப் பழமா, பணமா. இவ்வளவுதான். இதில் ஆவலைத் தூண்டும் புதிர் இல்லை; வாங்குபவர் அறிய விரும்பும் அனைத்தும் இருக்கின்றன. தம் பழத்தின் குறையைத் தாமே சொல்லும் வணிகரின் மற்ற சொற்களும் நம்பப்படும் என்பதைச் சந்தையில் கால்படி விற்றவரும் அறிவார். பயிற்சியாளர்களோ இக்கடிதத்தைப் பார்த்ததும் குறை பற்றிய பத்தியைத்தான் முதலில் வெட்டுவார்கள். அடுத்து, பொருள் வரியில் தோட்டத்தின் பெயரை அடித்துவிட்டு ‘இதைத் தவறவிட்டால் வருந்துவீர்கள்’ என்று எழுதுவார்கள்.

அந்த வணிகர் கேள்விக்குப் பதில் தருபவராகவும் இருக்க வேண்டும். ‘இம்முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்’ என்று அடியில் எழுதி அனுப்பப்படும் கடிதம் கடிதமே அன்று. அது ஒலிபெருக்கி. விலையைக் கேட்கவும் பழுதைச் சொல்லவும் வாய் திறக்க முடியாத வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி ‘அன்புள்ள’ என்று விளிப்பதில் என்ன அன்பு இருக்கிறது? பெயரை இட்டது ஒரு மென்பொருள் நிரல் என்பதும், பெயர் இல்லாதபோது அதே நிரல் ‘அன்புள்ள முதற்பெயர் அவர்களே’ என்று அனுப்பிவிடும் என்பதும் ஊரறிந்த செய்தி.

மொழி பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் பயிற்சி வகுப்புகள் இதைத் தொடுவதே இல்லை. இந்திய மொழிகளில் வணிக மின்னஞ்சல் எழுதும் சிலரும் ஆங்கிலத் தலைப்பை அப்படியே பெயர்த்து வைக்கிறார்கள். அலைபேசித் திரையில் பொருள் வரியின் முதற்சில சொற்களே தெரியும். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, மராத்தி, வங்கம் ஆகியவற்றில் வினை இறுதியில் வரும். தமிழில் எதிர்மறையும் இறுதியில்தான். ‘உங்கள் கணக்கிலிருந்து இம்மாதம் கட்டணம் பிடிக்கப்பட மாட்டாது’ என்னும் வரியைத் திரை நடுவில் வெட்டினால், எஞ்சுவது ‘உங்கள் கணக்கிலிருந்து இம்மாதம் கட்டணம் பிடிக்கப்பட’. நற்செய்தி திகில் செய்தியாகிவிடும். எனவே நம் மொழிகளில் பொருள் வரியை வாக்கியமாக எழுதுவதைவிட, பழைய அலுவலகக் கடிதத்தில் எழுதியதுபோல் பெயர்ச்சொல்லை முன்வைத்து எழுதுவதே தக்கது: ‘அல்போன்சா, முதல் பறிப்பு, மார்ச் 20: விலையும் அனுப்பும் நாளும்’. எங்கே வெட்டினாலும் பொருள் நிற்கும். இவ்வளவு சிறிய இலக்கண நுட்பத்தைக்கூடச் சொல்லித்தராமல், எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் திறப்பார்கள் என்று பட்டியல் விற்கும் தொழிலுக்குப் பயிற்சி என்று பெயர்.

சிறு வணிகர் பெருநிறுவனங்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது, அவருக்கு அறநெறி போதிப்பது எளிது என்று சிலர் சினப்பர். சினம் தவறான திசையில் பாய்கிறது. பெருநிறுவனம் ஒரு கோடி முகவரிக்கு அனுப்பி, தொண்ணூற்றொன்பது லட்சம் பேரின் வெறுப்பைத் தாங்கிக்கொள்ளும். அதற்குத் தொலைக்காட்சியும் நாளிதழின் முதற்பக்கமும் இருக்கின்றன. எண்ணூறு வாடிக்கையாளர்களை வைத்துத் தொழில் நடத்துபவருக்கு அவர்களின் நம்பிக்கையைத் தவிர வேறு முதல் இல்லை. அவர் அனுப்பும் கடிதத்தை மூன்று பேர் குப்பை என்று குறித்தால் விழுக்காடு சட்டென்று ஏறும். அடுத்த ஆண்டின் விலைப்பட்டியல் யார் கண்ணிலும் படாமல் எரிதப் பெட்டிக்குள் இறங்கும். விளம்பரத் தந்திரத்தின் சுமையைச் சுமக்கப் பெரியவரால் முடியும், சிறியவரால் முடியாது. நாட்டின் சிறு வணிகத்தில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பை நோக்கி ஒதுங்கியதற்கு மின்னஞ்சல் நம்பிக்கை இழந்ததும் ஒரு காரணம் என்று கொள்வதில் பிழையில்லை. அங்கும் அதே ‘கடைசி வாய்ப்பு’ வந்து சேர்ந்துவிட்டது என்பது வேறு கதை.

கேட்கப்பட வேண்டியவை பெரிய கோரிக்கைகள் அல்ல. குறுஞ்செய்திக்குப் பொருந்தும் விதி மின்னஞ்சலுக்கும் பொருந்தட்டும்: விளம்பரம் என்றால் விளம்பரம் என்று பொருள் வரியின் தொடக்கத்திலேயே ஓர் எழுத்து இருக்கட்டும்; வரித் துறை, வங்கி, நீதிமன்றம் ஆகியவற்றின் அறிவிப்பை ஒத்த சொற்களை விளம்பரத்தில் கையாள்வது தண்டத்துக்குரியதாகட்டும். நுகர்வோர் ஆணையம் தன் 2023 நெறிகளில் மின்னஞ்சலும் அடங்கும் என்று ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், நாடாளுமன்றக் கூட்டத்தொடரும் வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பொய்யான ‘இறுதி எச்சரிக்கை’யைப் பெற்றவர்கள் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அங்கே புகாராகப் பதியலாம். புகார் குவிந்தாலொழிய அந்த விளக்கக் குறிப்பு வரப்போவதில்லை.

அதுவரை, மே மாதக் கடைசி வாரத்தில் ரத்னகிரி வணிகர் தம் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவார். மழை நெருங்கிவிட்டது, மரத்தில் இருந்ததைப் பறித்தாயிற்று, நாற்பது பெட்டிதான் மீதி, இதற்குமேல் இவ்வாண்டு இல்லை என்று அதில் எழுதியிருப்பார். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கும். அன்று காலை அதே பெட்டியில் வந்து விழுந்த பதினேழு ‘கடைசி வாய்ப்பு’களுக்கு நடுவே, திறக்கப்படாமல் அது கிடக்கும்.